விற்கும் சொல்லும் விளக்கும் சொல்லும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில், பொழுது புலருமுன்பே தொழிற்சாலைப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. இரவுப் பணி முடித்தவர்கள் சாளரத்தில் தலை சாய்த்து உறங்கியபடி திரும்புகின்றனர். காலைப் பணிக்குரியவர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிறுத்தங்களில் காத்து நிற்கின்றனர். அந்நிறுத்தங்களை ஒட்டிய சுவர்களிலும் மின்கம்பங்களிலும் நம் கண்ணில் தவறாமல் படும் விளம்பரம் ஒன்றுண்டு: சில நாட்களில் ஆங்கிலம் பேசலாம், நேர்முகத் தேர்வில் வெல்லலாம், கூச்சமின்றி மேடையேறலாம். பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையிலும் இதே வாக்குறுதியைத் தாங்கிய நூல்களே முன்வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இவ்வாக்குறுதியை ஏளனம் செய்வது எளிது. ஆனால் அதற்கு நமக்கு உரிமையில்லை. நகையை அடகு வைத்து மகனைத் தொழில்நுட்பப் பயிலகத்தில் படிக்க வைத்த தாய், அவன் நேர்முகத் தேர்வின் சில நிமிடங்களில் நாவெழாமல் திரும்பி வந்தான் என்று கேட்கும்போது படும் துயரத்தை நாம் அறிவோம். தமிழ்நாடு அரசும் இக்குறையை உணர்ந்தே 2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கி, மாணவர்களுக்கு ஆங்கிலத் தொடர்புத் திறனையும் நேர்முகத் தேர்வுப் பயிற்சியையும் அளிக்க முன்வந்தது. பேச்சும் எழுத்தும் பிழைப்புக்குத் தேவை, இதில் ஐயமில்லை.

எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. எத்தகைய பேச்சு? எதற்கான எழுத்து? இவ்வினாவை இரண்டு நூல்களை முன்வைத்து ஆராய விழைகிறோம். ஒன்று உலகெங்கும் விற்பனையாகி, தமிழிலும் தன் வாரிசுகளைப் பெற்றது. மற்றொன்று நம்மிடையே அதிகம் பேசப்படாதது. இரண்டையும் ஒரகடம் சாலையில் நிறுத்தி உரசிப் பார்ப்பதே நம் நோக்கம்.

முதல் நூல்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஏழை உழவரின் மகனாக 1888இல் பிறந்தவர் டேல் கார்னெகி. 1912இல் நியூயார்க்கில் கிறித்தவ இளைஞர் சங்கக் கட்டடமொன்றில் அவர் மாலை வகுப்பு தொடங்கினார். அன்று அவரை நாடி வந்தவர்கள் பெரும்பாலும் விற்பனையாளர்களும் எழுத்தர்களும் சிறு வணிகர்களும் ஆவர். பலர்முன் எழுந்து நின்றால் நடுங்கிய அவர்களைப் பேசவைத்ததே அவருடைய முதல் சாதனை. அவ்வனுபவத்தின் கனியாக 1936இல் வெளிவந்த நூலே, நண்பர்களைப் பெறுவதையும் பிறரைத் தம்வயப்படுத்துவதையும் கற்பிக்கும் அவரது புகழ்மிக்க படைப்பு. நம் நாட்டின் தன்னம்பிக்கை நூல்கள் பலவற்றில் அதன் நிழலைக் காணலாம். தமிழில் அப்துற் றஹீம், எம். எஸ். உதயமூர்த்தி போன்றோர் தத்தம் வழியில் சோர்ந்த இளைஞர்க்கு ஊக்கம் தந்ததையும் நன்றியுடன் நினைக்கிறோம்.

கார்னெகியின் நூலில் நல்லவை பல உண்டு. பிறர் பேசுவதை முழுவதும் கேட்கச் சொல்கிறார். ஒருவரது பெயரை நினைவில் கொள்ளச் சொல்கிறார். எதிரில் இருப்பவர் நின்று பார்க்கும் இடத்திலிருந்து நாமும் பார்க்கச் சொல்கிறார். இவை வெறும் வணிகத் தந்திரங்கள் அல்ல, மனிதப் பண்பின் பாற்பட்டவை. இவற்றைக் கற்ற மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் பணியாற்றுவது, கல்லாதவர் கீழ் பணியாற்றுவதைவிடப் பெரிதும் நன்று.

ஆனால் அந்நூலின் முதல் அறிவுரை எது? பிறரைக் குறைகூறாதே, முறையிடாதே என்பதே. பின்னர் மற்றோரிடத்தில், வாக்குவாதத்தைத் தவிர்த்துவிடுவதே அதில் வெல்லும் வழி எனக் கற்பிக்கிறார். பொருளை விற்க வீடுவீடாகச் செல்பவருக்கு இது பொன்னான அறிவுரை. வாங்குபவர் முகம் சுளித்தால் விற்பனை கெடும். ஆகவே முறையீட்டை விழுங்கிவிட வேண்டும். இந்நூல் காணும் உலகில் எல்லாரும் ஏதோ ஒன்றை விற்பவர்கள்; விற்பதற்கு வேறொன்றும் இல்லாதவன் தன்னையே விற்கிறான். விண்ணப்பத்தில் தன்னைப் பற்றிச் சிறப்பித்து எழுதுவதும், நேர்முகத் தேர்வில் புன்னகை மாறாமல் விடையளிப்பதும் இவ்வுலகுக்கு உரியவை. வாயிலைக் கடந்து உள்ளே சென்றபின் நிகழ்வதைப் பற்றி இந்நூலும், இதன் வழிவந்த பயிற்சி வகுப்புகளும் சொல்வது மிகக் குறைவு.

ஒரு குறிப்பாணையும் ஒரு மறுமொழியும்

சில ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, தென்மாவட்டத்திலிருந்து வந்து உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிப் பணியாளராக இருந்த இளைஞர் ஒருவர் இரண்டு தாள்களை நம்மிடம் நீட்டினார். ஒன்று அவருக்குத் தரப்பட்ட 'மெமோ'. அனுமதியின்றி எந்திரத்தை நிறுத்தி உற்பத்திக்கு இழப்பு விளைவித்ததற்கு விளக்கம் கேட்டது அது. மற்றொன்று அவர் எழுதி வைத்திருந்த மறுமொழி. "ஐயா, இதைக் கொஞ்சம் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்" என்றார்.

மறுமொழி ஆங்கிலத்தில் இருந்தது; எழுத்துப்பிழை மிகுதியாக இல்லை. மாதிரிக் கடித நூல் ஒன்றைப் பார்த்து எழுதியதாகச் சொன்னார். பணிவுடன் தொடங்கி, நிகழ்ந்த தவற்றுக்காக வருந்தி, இனி இவ்வாறு நிகழாது என உறுதியளித்து, இம்முறை மன்னித்தருளுமாறு வேண்டி அது முடிந்தது. என்ன நடந்தது என்பது பற்றி மட்டும் அதில் ஒரு சொல்லும் இல்லை.

நாம் கேட்டபோதுதான் செய்தி வெளிவந்தது. எந்திரத்தில் வழக்கத்திற்கு மாறான ஒலி கேட்டிருக்கிறது. அருகிலிருந்த மூத்த பணியாளரிடம் கூறியிருக்கிறார். மேற்பார்வையாளர் அவ்வேளை அங்கு இல்லை. கை வைக்கும் இடம் என்பதால் அஞ்சி நிறுத்தியிருக்கிறார். இதை ஏன் எழுதவில்லை என்று வினவினோம். "அப்படியெல்லாம் எழுதினால் எதிர்த்துப் பேசுவது போல் ஆகிவிடாதா, ஐயா?" என்றார்.

அவர் கற்ற எழுத்துத் திறன் அவருக்கு எதிராகவே திரும்பி நின்றதை இங்குக் காண்கிறோம். குற்றச்சாட்டுக்கு விடையாக எழுதப்படும் மன்னிப்புக் கடிதம், பின்னர் விசாரணையில் குற்ற ஒப்புதலாகக் கொள்ளப்படக்கூடும். மாதிரிக் கடித நூல் அவருக்குப் பணிவான வாக்கியங்களைத் தந்தது. அவ்வாக்கியங்களோ அவர் செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்டன. நாம் இருவரும் மரநிழலில் அமர்ந்து மறுபடியும் எழுதினோம். எந்த நாள், எத்தனை மணி, எந்த எந்திரம், எத்தகைய ஒலி, யாரிடம் சொன்னது, எவ்வளவு நேரம் நிறுத்தியது - இவ்வளவுதான். அரைப் பக்கம் தமிழ்.

இக்கதைக்கு வெற்றிகரமான முடிவு இல்லை. எச்சரிக்கையோடு அவரை விட்டனர்; பயிற்சிக் காலம் முடிந்தபோது பணி நிரந்தரமாகவில்லை. இப்போது வேறோர் இடத்தில் உழைக்கிறார். "நான் பொய் எழுதிக் கொடுக்கவில்லை, ஐயா" என்று பின்னர் ஒருமுறை சொன்னார். முன்னேற்றத்தை ஊதியத்தால் மட்டும் அளக்கும் நூல்களில் இவ்வாக்கியத்திற்கு இடமில்லை. இதற்கு இடமளிக்கும் நூல் ஒன்றைத்தான் நாம் இரண்டாவதாக எடுத்துக்கொள்கிறோம்.

மலைச்சிற்றூரில் பிறந்த கடிதம்

இத்தாலியின் பிளாரன்சு நகரில் செல்வக் குடும்பத்தில் 1923இல் பிறந்து, 1947இல் குருவானவர் தந்தை லொரென்சோ மிலானி. அவரது முதல் பணித்தளம் நெசவாலைகள் நிறைந்த பிராத்தோ நகருக்கு அருகிலிருந்த பங்கு. அங்கு இளந்தொழிலாளர்க்கும் உழவர் பிள்ளைகளுக்கும் மாலைப்பள்ளி நடத்தினார். வறியோரை வறியோராகவே வைத்திருப்பவற்றுள் முதன்மையானது சொல்வறுமை என்பது அங்கு அவர் கண்ட உண்மை. 1954 டிசம்பரில் பார்பியானா என்னும் மலைச்சிற்றூருக்கு அவர் அனுப்பப்பட்டார். சிதறிக்கிடந்த சில வீடுகளே அவரது பங்கு. அங்கும் அவர் பள்ளியைத்தான் தொடங்கினார்.

அப்பள்ளியின் மாணவர் எண்மர் சேர்ந்து எழுதி, 1967 மே மாதம் வெளியான நூலே 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்'. தேர்வில் தோல்வியுற்றவர்கள், தம்மைத் தோற்கடித்த கல்விமுறைக்கு எழுதிய மடல் அது. ஏழைப் பிள்ளைகள் எந்த வகுப்பில், எத்தனை பேர் பள்ளியிலிருந்து உதிர்கின்றனர் என்பதைக் கணக்கெடுத்து அடுக்கிக் காட்டுகிறது. நூல் வெளியான மறுமாதமே, ஜூன் 26 அன்று, நோயுற்றிருந்த தந்தை மிலானி இறந்தார். அவர் முன்னர் எழுதிய நூலொன்றை 1958இல் விற்பனையிலிருந்து விலக்கும்படி திருச்சபை அதிகாரம் ஆணையிட்டிருந்தது. 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிசு பார்பியானாவுக்கே சென்று அவரது கல்லறையில் செபித்தார்.

நம் பொருளுக்கு மிகவும் தேவையானது, இந்நூல் எழுதப்பட்ட முறையாகும். அம்முறையை மாணவர்களே நூலுள் விளக்கியுள்ளனர். ஒவ்வொருவரும் சிறு குறிப்பேட்டைப் பையில் வைத்திருக்கின்றனர். தோன்றும் எண்ணத்தை உடனே குறிக்கின்றனர். ஒரு தாளில் ஓர் எண்ணம். பின்பு ஒருநாள் எல்லாத் தாள்களையும் பெரிய மேசைமேல் பரப்புகின்றனர். ஒன்றையே சொல்லும் தாள்கள் நீக்கப்படுகின்றன. உறவுடையவை குவியல்களாகின்றன, குவியல்கள் அதிகாரங்களாகின்றன. முதல் வரைவு எழுதிய பின்னர் வெட்டும் பணி தொடங்குகிறது. வேண்டாத சொல், மிகைப்பட்ட அடைமொழி, கடினச்சொல், நீண்ட வாக்கியம், பொய் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பதில் மாணவர்களிடையே போட்டியே நடக்கிறது. இறுதியில் வெளியாள் ஒருவரை, அதுவும் அதிகம் படிக்காதவரை அழைத்துப் படித்துக் காட்டுகின்றனர். அவருக்கு விளங்கவில்லையெனில் குறை அவருடையதன்று, எழுதியவர்களுடையது.

இங்கே நமக்கு ஒரு பழைய ஆசான் நினைவுக்கு வருகிறார். மிலான் நகரில் நாவன்மைப் பேராசிரியராக விளங்கிய புனித அகுஸ்தீன், 386இல் அப்பதவியைத் துறந்தார். சொல்லை விற்கும் தொழில் என்றே அதனைக் கருதினார். ஆனால் பேச்சுக்கலையை அவர் வெறுத்துவிடவில்லை. கிறித்தவப் போதனை பற்றிய தம் நூலின் நான்காம் பகுதி முழுவதையும் அதற்கென்றே ஒதுக்கினார். கேட்பவர்க்கு விளங்குவதே அங்கு அவர் வலியுறுத்தும் முதல் தேவை.

நம் மண்ணிலும் இதற்குச் சான்றுண்டு. ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். குரு மறைவாக வைத்துக்கொள்ளச் சொன்ன மந்திரத்தை, திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மீது ஏறி நின்று எல்லார்க்கும் உரைத்தவர் அவர் என்பது வைணவ மரபு போற்றும் வரலாறு. சிலர் கையில் பூட்டிவைத்த சொல்லைப் பலர்க்கும் உரியதாக்கும் முயற்சி இந்த ஊருக்குப் புதிதன்று.

குறைகளும் உண்டு

பார்பியானா நூலை மறுப்பின்றி ஏற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது சினத்தில் பிறந்த நூல். முகமறியா ஓர் ஆசிரியை, கல்விமுறையின் பாவங்கள் அனைத்தையும் தம் தோளில் சுமக்க நேர்கிறது. அவருக்கும் ஒரு வீடு, ஓர் ஊதியம், ஓர் அச்சம் இருந்திருக்கும் என்பதை அம்மாணவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எதிரில் இருப்பவரின் நிலையில் நின்று பார்க்கச் சொன்ன கார்னெகி, இவ்விடத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்டிருப்பார்.

மேலும், எண்மர் எழுதியதாகச் சொல்லப்படும் அக்குரலில் தந்தை மிலானியின் குரல் எவ்வளவு என்ற வினாவும் எழுகிறது. வலிமை மிக்க ஆசிரியர், பேசத் தெரியாதவனுக்குப் பேசக் கற்பிக்கிறாரா, அன்றித் தம் பேச்சை அவன் வாயில் வைக்கிறாரா? மரநிழலில் அந்த இளைஞரோடு அமர்ந்து எழுதிய நமக்கும் இவ்வினா பொருந்தும். நாமும் இரண்டு மூன்று இடங்களில் நமக்குப் பிடித்த சொற்களைப் புகுத்தினோம். அவர் அவற்றை வெட்டிவிட்டு, தாம் வழக்கமாகச் சொல்லும் சொற்களையே எழுதினார். அவரே சரி.

விடுமுறையின்றி ஆண்டு முழுதும், நாள் முழுதும் நடந்த பள்ளி அது. பன்னிரண்டு மணிநேரப் பணியும் பேருந்துப் பயணமும் முடித்து விடுதிக்குத் திரும்பும் நம் இளைஞர்க்கு அது இயலாது. ஆகவே அப்பள்ளியை அப்படியே இங்குப் பெயர்த்து நட முடியாது. அதன் முறையை மட்டும் கடன் வாங்கலாம்.

நம் சாலையில்

இத்தொழில் வட்டாரத்தின் வரலாற்றையும் இக்கண்கொண்டு நோக்கலாம். 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்து, 2014இல் மூடிச் சென்றது. 2010இல் ரெனோ-நிசான் ஆலையும் 2012இல் டைம்லர் ஆலையும் ஒரகடத்தில் இயங்கத் தொடங்கின. தமிழ், ஆங்கிலம், கொரியம், சப்பானியம், இந்தி, ஒடியா எனப் பலமொழிகள் ஒலிக்கும் வட்டாரமாக இது மாறியது. இத்தனை மொழிகளுக்கு நடுவிலும் ஒரு தொழிலாளி தன் குறையைச் சொல்லும் மொழி எது என்பதே வினா.

2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலையில் பணியாற்றிய பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சானது. 250க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. தோழியர்க்கு என்ன ஆயிற்று என்று கேட்டு, பெண்கள் இரவோடிரவாகச் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். விடுதிகள், உணவுக்கூடங்கள் சில உரிய தரத்தில் இல்லை என்பதைப் பின்னர் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. வதந்தியைத் தொழிலாளரின் அறியாமை என்று சிலர் பழித்தனர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நம்பத்தக்க சொல் கிடைக்காத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது. அன்று விளக்கமாகப் பேசும் கடமை அப்பெண்களுக்கு மட்டுமா இருந்தது?

2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. ஊதியம் ஒருபுறமிருக்க, தொழிலாளர் சார்பில் பேசுபவர் யார் என்பதே அதன் மைய வினாக்களுள் ஒன்று. அவர்தம் சங்கம் 2025 சனவரியில் பதிவு பெற்றது. அப்போராட்டத்தின் நிறைகுறைகளை எடைபோடுவது நம் நோக்கமன்று. ஆனால் புன்னகையும் முறையிடாமையும் மட்டுமே தொடர்புத் திறன் என்று கற்பிப்பவர்கள், இந்த 37 நாட்களை எந்தப் பாடத்தில் சேர்ப்பர்?

சட்டம் இதை முன்பே உணர்ந்திருந்தது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம், பணிவிதிகளை ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பான்மையோர்க்கு விளங்கும் மொழியிலும் ஆலை வாயிலருகே பலகையில் ஒட்ட வேண்டும் என விதித்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்துள்ளது. எந்தச் சட்டமாயினும், பலகையில் இருப்பதை நின்று படிப்பவரும், படித்ததைத் தோழர்க்கு விளக்குபவரும் இல்லையெனில் அது வெறும் தாளே.

நாம் செய்யக்கூடியது

வள்ளுவர் 'சொல்வன்மை' என்னும் அதிகாரத்தை எங்கே வைத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். பொருட்பாலில், அமைச்சனைப் பற்றிய அதிகாரத்தை அடுத்து, 65ஆவதாக வைத்தார். அதிகாரத்தின் முன் நின்று, தேவையானதைத் தேவையான வேளையில் சொல்ல வேண்டியவன் அமைச்சன். அதற்கடுத்த அதிகாரம் 'வினைத்தூய்மை'. நன்றாகப் பேசுவதற்கும் நேர்மையாகச் செய்வதற்கும் நடுவே வேறொன்றையும் அவர் வைக்கவில்லை.

ஆங்கில வகுப்புகள் நடக்கட்டும். நேர்முகத் தேர்வுக்கும் நம் பிள்ளைகள் ஆயத்தமாகட்டும். அவற்றோடு இன்னொன்றையும் சேர்ப்போம். இவ்வட்டாரத்துப் பங்குகளில் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஒரு மணிநேரம் போதும். ஒவ்வொருவரும் தம் கைக்கு வந்த ஒரு தாளைக் கொண்டுவரட்டும்: பணியமர்த்தும் ஆணை, ஊதியச் சீட்டு, ஒப்பந்தத்தின் ஒரு பக்கம், மெமோ. முதலில் அதை உரக்கப் படிப்போம். ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று தமிழில் ஒருவர் மற்றவர்க்கு விளக்கட்டும். பின்பு தாம் சொல்ல வேண்டியதைத் துண்டுத் தாள்களில், ஒரு தாளுக்கு ஓர் எண்ணமாக எழுதட்டும். இறுதியில், செய்தி ஏதுமறியாத ஒருவரை அழைத்துப் படித்துக் காட்டுவோம். கோயில் வாயிலில் பூ விற்கும் அம்மாவுக்கு அது விளங்கினால், விசாரணை அதிகாரிக்கும் விளங்கும்.

தொழில் முன்னேற்றத்திற்கும் இது உதவும். எந்திரத்தின் பழுதை அடுத்த பணிமுறையினர்க்கு நான்கு வரியில் தெளிவாக எழுதி வைப்பவரையே எந்தத் தொழிற்சாலையும் மதிக்கிறது. குறையொன்றைக் கண்டு, காரணத்தை அடுக்கிச் சொல்லி, மாற்றுவழி காட்டுபவரே மேலே அழைக்கப்படுகிறார். ஆனால் அம்மதிப்பு கிட்டாத நாளிலும், நடந்ததை நடந்தபடி சொல்லும் ஆற்றல் அவரிடம் எஞ்சியிருக்கும்.

அந்த இளைஞர் எழுதிய அரைப் பக்கக் கடிதத்தின் நகலை இன்னும் வைத்திருக்கிறார். விடுதியில் தம் அறையில் தங்கியிருக்கும் மற்றோர் இளைஞருக்கு மெமோ வந்தபோது, அதை எடுத்துக் காட்டினாராம். "இதைப் பார்த்து எழுதாதே, உனக்கு நடந்ததை எழுது" என்று சொல்லிக் கொடுத்தாராம்.